எண்பத்தாறு பக்கம்

மார்ச் 3

அன்புள்ள பொடிசு,

உன் அண்ணன் கண்ணை மூடி நாளையோடு ஐந்து மாதம். கடைசி மூன்று மாதம் என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே இருந்தாரே, அதெல்லாம் இந்தப் பென் டிரைவில் இருக்கிறது. திறந்தால் புரியாத கிறுக்கலாக வருகிறது. வேறு பிரதி கிடையாது. என்மேல் கோபமாகவே போனாரா என்று தெரிந்தால் போதும். நல்லதோ கெட்டதோ, மறைக்காமல் அனுப்பு. வேளைக்குச் சாப்பிடு, போன முறை எலும்பும் தோலுமாக நின்றாய்.

அண்ணி

மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் தட்டியது யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருவில். இன்றைய முறைக்கு மாற்ற நிரல் எழுதி, நானே தட்டிய நாலு வரியில் சோதித்தேன். சரியாக வந்தது. உடனே உங்கள் பென் டிரைவிலேயே ஓட்டிவிட்டேன். அண்ணனுடையதோ வேறொரு பழைய எழுத்துரு. புரியாத எழுத்தையெல்லாம் கேள்விக்குறியாக்கி, நிரல் அதே கோப்பின்மேல் எழுதிவிட்டது. எண்பத்தாறு பக்கமும் போயிற்று. தேதிகள் மட்டும் மிச்சம்.

அழிந்ததை மீட்டுத் தருகிறவரிடம் கொண்டுபோனேன். "பூட்டின வீடுன்னா திறக்கலாம் மேடம். இது இடிச்ச வீடு" என்றார்.

"முதல்ல காப்பி எடு, அப்புறம் கை வை" என்று அலுவலகத்தில் எல்லோரையும் திட்டுகிறவள் நான். அன்று அண்ணன் என்ன சொல்லியிருக்கிறான் என்று பார்க்கிற அவசரம். என்னை மன்னியுங்கள் என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

பொடிசு

மார்ச் 27

பொடிசுக்கு,

இருபது வருஷமாக இதுதான் உன் வேலை. கை தவறியது என்றால் பச்சைக் குழந்தைகூட நம்பாது. நீ படித்துவிட்டாய். என்னைப்பற்றித் தாங்கமுடியாதது ஏதோ இருந்திருக்கிறது. எனக்கு நல்லது செய்வதாக நினைத்து அழித்துவிட்டாய். அதைச் சொல். சொல்லும்வரை எழுதாதே.

அண்ணி

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு,

ஒரு வரிகூட நான் படிக்கவில்லை. இதற்குமேல் என்னிடம் உண்மை இல்லை.

மூன்று நாள் உட்கார்ந்து, அண்ணன் எழுதியதுபோலவே ஒரு பக்கம் தட்டினேன். "அவமேல எனக்கு ஒரு கோபமும் இல்ல." அச்சு அசலாக அவன்தான். ஆனால் நல்லதை அனுப்பினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். கெட்டதை எழுதினால் அன்றைக்கே நம்புவீர்கள். எனக்கு மறுபடி கடிதமும் போடுவீர்கள்.

அந்தக் கெட்டதைத் தட்ட என் கை எழவில்லை, அண்ணி. இனி எழுதமாட்டேன்.

பொடிசு