செவ்வாய்க்கிழமைக் குரக்கன் பிட்டு

சோலோதுர்ன், சுவிஸ்
மாசி மாதம்

அன்பு மகள் வேணுகாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே பனியும் என் முழங்கால் வலியும் தவிர வேறு குறை ஒன்றுமில்லை, மெல்பேர்ன் வெயிலில் நீயும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். போன் இருக்கக் கடிதம் ஏன் என்று யோசிப்பாய். போனில் கதைத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்று கொள்வார், இது அவருடைய கதை.

ஐப்பசியில் எங்கள் கெமைண்டே, அதுதான் இந்தக் கிராமத்து ஊர்ச்சபை, வயது போனவர்களுக்குச் சாப்பாட்டு ஆலோசனை என்று எல்லோரையும் மண்டபத்துக்குக் கூப்பிட்டது. சீனி இப்படியே ஏறினால் கண் போய்விடும், இனி ஊசிதான் என்று டொக்டர் அப்பாவை எச்சரித்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. அந்தக் கவலையை ஆற்ற இரண்டு மட்டன் ரோல்ஸைச் சாப்பிட்டுவிட்டுத்தான் மனுசன் கூட்டத்துக்கு வந்தார். ஆலோசனை சொல்ல வந்த கெர்பர் என்ற இளம்பெண், நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். எல்லோரும் சாலட் என்றார்கள். இந்த ஊர்க் கிழடுகள் அவ்வளவு சாலட் சாப்பிட்டிருந்தால் இறைச்சிக்கடைக்காரன் எப்போதோ கடையைப் பூட்டியிருப்பான். பக்கத்துப் பண்ணை ஹான்ஸ்ரூடி மட்டும், பெண்சாதி செத்த பிறகு மூன்று வேளையும் பாணும் சீஸும்தான் என்று உள்ளதைச் சொன்னார். காற்சட்டை இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டியிருந்தார், பாவம். இன்னும் மெலிந்தால் முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்களாம்.

அடுத்தது அப்பா. காலையில் குரக்கன் கூழ், மத்தியானம் கீரையும் பருப்பும், இரவுக்கு ஒரு கோப்பை மோர் என்று டொச் மொழியில் அடுக்கினார். மீசையில் ரோல்ஸ் தூள் அப்படியே இருந்தது. யார் சமைக்கிறது என்று அவள் கேட்க, நான்தான் என்றார். எங்கள் வீட்டில் உப்புப் போத்தல் எங்கே இருக்கிறதென்று தெரியாத மனுசன்! அவள் கைதட்டினாள், மண்டபமே தட்டியது. கடைசியில், செவ்வாய்க்கிழமை தோறும் உன் அப்பா இராஜேந்திரன் சமையலில் ஊரின் முதியவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு என்று முடிவாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அப்பா, "இஞ்சை பாரும், நீர் சமையும், நான் விளங்கப்படுத்திறன்" என்றார். என்ன பெரிய மனது!

அன்றிலிருந்து நான் விடிய எழும்பிக் குரக்கன் மா குழைக்க, அவர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நார்ச்சத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். ஆனால் எல்லோர் கண்ணுக்கு முன்னாலும் அவரும் அதையே சாப்பிட வேண்டியிருந்தது. ஊர் முழுக்கத் தெரிந்த முகமாகிவிட்டதால் கடையில் சோடாப் போத்தலைத் தொடவும் வழியில்லை. தை மாதம் சோதித்தபோது சீனி இறங்கிவிட்டது, ஊசி இப்போதைக்குத் தேவையில்லை என்றார் டொக்டர். பொய் சொல்லிச் சுகப்பட்ட நோயாளி உன் அப்பா ஒருவராகத்தான் இருக்கும்.

போன செவ்வாய் எனக்கு எழும்ப முடியாத காய்ச்சல். இன்றைக்குச் சமையல் இல்லையென்று சொல்லிவிடுங்கள் என்றேன், மானம் போய்விடுமென்று தானே அவித்துக்கொண்டு போனார். பிட்டு கல்லுக்கல்லாய் வந்ததாம். கெர்பர் ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டாளாம். அப்பாவுக்கு வேறு வழியில்லை, இவ்வளவு நாளும் சமைத்தது என்ர மனுசிதான் என்று ஒப்புக்கொண்டாராம். அது எங்களுக்கு முதல் கிழமையே தெரியும் என்று எல்லோரும் சிரித்தார்களாம். ஹான்ஸ்ரூடி மட்டும் சிரிக்காமல் சாப்பிட்டு முடித்து, இது என் மாடுகளும் தொடாத சாமான் என்று சொல்லிவிட்டு, இன்னொரு தரம் கோப்பையை நீட்டினாராம். பிறகு ஏன் வருகிறீர்கள் என்று அப்பா கேட்க, "வீட்டில் இதைவிட நல்ல சாப்பாடு இருக்கிறது, எதிரில்தான் ஆள் இல்லை" என்றாராம். அப்பா வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு, எனக்குக் கஞ்சி வைக்கப் போனார். அதுவும் அடிப்பிடித்ததுதான். ஆனால் நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தார்.

பிள்ளை, நீயும் வேலையால் வந்து கொம்பியூட்டருக்கு முன்னால் நின்றபடி விழுங்குகிறாய் என்று எனக்குத் தெரியும். என்ன சாப்பிடுகிறாய் என்று இனிக் கேட்கமாட்டேன். யாரோடு சாப்பிடுகிறாய் என்றுதான் கேட்பேன்.

முருகன் உன்னைக் காக்கட்டும், நீண்ட ஆயுளோடும் நல்ல பசியோடும் இரு. சித்திரைக்கு வர டிக்கெட்டை இப்போதே போடு, செவ்வாய்க்கிழமையில் மட்டும் வந்து இறங்காதே.

உன் வரவை எண்ணியிருக்கும்
அம்மா மனோகரி