நச்சுக்கொடியில் ஒரு துண்டு

மருதமுனை
12.10.2024

மருமகன் ஸஜாத்துக்கு மாமா அபுல் ஹஸன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

பிள்ளை ஏழாம் மாதத்தில் பிறந்து, அன்று அஸர் தொழுகைக்கு முன்னரே மூச்சு நின்று மவுத்தானது. நச்சுக்கொடியில் ஒரு துண்டு டொக்டரிடம் போனது. மிச்சத்தை எங்கள் வளவில் புதைத்தோம். நடந்தது இவ்வளவுதான். இதற்கு மேல் டோஹாவுக்கு வந்து சேர்ந்ததெல்லாம் சந்தையில் சேர்த்த சரக்கு.

போனில் கதைத்தால் "ஓம் மாமா, ஓம் மாமா" என்று வைத்துவிடுகிறீர்கள். குரல் பதிவு அனுப்பினால் உங்கள் அறையில் உள்ள அத்தனை பேருக்கும் கேட்கும். அதனால்தான் லீவு முடிந்து டோஹா திரும்பும் உங்கள் கூட்டாளி முனாபின் கையில் கடிதம் கொடுத்துவிடுகிறேன். இதை இடையில் வெட்ட உங்களால் முடியாது.

உங்கள் உம்மா சாய்ந்தமருதில் இரண்டு கதை சொல்லுகிறாராம். ஒன்று, என் மகள் ஸம்றா ஸ்கூட்டியில் நம் கல்முனைக் கடைக்குப் போய்வந்ததால் பிள்ளை கழன்றது. இரண்டு, நச்சுக்கொடியை நான் வெளிநாட்டுக் கம்பனிக்கு விற்றுவிட்டேன். முதலாவதற்குப் பதில் இன்னும் என்னிடம் இல்லை, தேடிக்கொண்டிருக்கிறேன். இரண்டாவதை மீன்கடை அச்சிமுகம்மது முகத்துக்கு நேரே கேட்டான்: "ஹாஜி, என்ன விலைக்குப் போன?" "உன்ட மூளையப் போலதான்டா, ஆரும் விலை கேக்கல்ல" என்றேன். சைக்கிள் கரியரில் சாரன் துணி மூட்டை கட்டி, வீரமுனை, நாவிதன்வெளி என்று வீடு வீடாய் விற்றுத்தான் இந்தப் பிடவைக்கடையை எழுப்பினேன். என்னவெல்லாம் விற்றேன் என்று எனக்குத் தெரியும். பேரப்பிள்ளையின் சதையை விற்கவில்லை.

துண்டை வாங்கியவர் டொக்டர் வினோஜா. காரைதீவுப் பிள்ளை. குறைமாதப் பிரசவம் ஏன் வருகிறது என்று ஆராய்கிறவர். பதில் வந்ததும் அறிவிப்பேன். அதற்கிடையில் ஒரு கேள்வி, வளைக்காமல் கேட்கிறேன்: உங்களுக்குக் கலியாணத்துக்கு வேறு இடம் பார்ப்பதாகக் கேள்விப்படுகிறேன். நீங்கள் சொல்லித்தான் பார்க்கிறார்களா?

உங்கள் மாமா,
அபுல் ஹஸன்


டோஹா
3.11.2024

மரியாதைக்குரிய மாமாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

கடிதம் கிடைத்தது. நீங்கள் விற்றதாக நான் நம்பவில்லை. ஆனால் கொடுத்தீர்கள்தானே? யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்? நான் அந்தப் பிள்ளையின் வாப்பா. எங்கள் ஊரில் நச்சுக்கொடியைப் புதைப்பது வாப்பாவின் வேலை. நான் இல்லாவிட்டால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அன்று பகல் முழுக்க ஒரு மாடியில் ஏசி பூட்டும் வேலையில் இருந்தேன். போன் என் பொக்கெட்டில்தான் இருந்தது.

என்ன பெயர் வைத்தீர்கள் என்றுகூட இன்றுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. உம்மாவிடம் கேட்டேன். "அத என்னத்துக்கு இப்ப மனே" என்றா.

வேறு இடம் பார்ப்பது உண்மை. நான் ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஸம்றாவுடன் கதைக்கப் போன் எடுத்தால் என்ன சொல்வதென்று தெரியாமல் வைத்துவிடுகிறேன். எனக்குக் காரணம் வேண்டும் மாமா. காரணம் தெரியாமல் எப்படி அந்த வீட்டுக்குள் வருவது?

ஸஜாத்


மருதமுனை
1.12.2024

அன்பு மருமகனுக்கு, ஸலாம்.

முதலில் பெயர். அம்னா. பெண் பிள்ளை. ஸம்றா வைத்தாள். பள்ளி லெப்பை பிள்ளையின் காதில் ஓதும்போது அவளே சொன்னாள். உங்களுக்கு அதைச் சொல்லாமல் விட்டது இந்த வீட்டில் எல்லோருடைய பிழையும்தான்.

இரண்டாவது, டொக்டருக்கு ஓம் சொன்னவன் நானல்ல. பிள்ளை போய்ச் சற்று நேரத்தில் டொக்டர் வினோஜா ஆஸ்பத்திரிக் கட்டிலடிக்கு வந்து கேட்டார். உங்கள் மாமி சபியா உம்மா, "வேணாம் புள்ள, மரியாதையோட எல்லாத்தையும் புதைச்சிருவம்" என்று அழுதாள். ஸம்றா அழவில்லை. "எடுங்க டொக்டர். ஏனெண்டு எனக்குத் தெரியணும்" என்றாள். நான் நச்சுக்கொடியை வாங்கிப் போக மூடி போட்ட வாளியோடு வாசலில் நின்றவன் மட்டும். ஊர்வாய் அவள் மேல் பாயாமல் இருக்கத்தான் என் பெயரில் போகட்டும் என்று விட்டேன். உங்களிடமும் மறைக்க நீங்கள் ஊர் இல்லை.

இனிக் காரணம். டொக்டரிடம் போய், என் கடையில் வாங்க வருகிறவர்கள் என்னைக் கேட்பது போல் துருவித் துருவிக் கேட்டேன். அவரும் பொறுமையாகச் சொன்னார்.

பிள்ளையைச் சுற்றி, நச்சுக்கொடியோடு ஒட்டியபடி ஒரு சவ்வு இருக்கிறது, பன்னீர்க்குடம் என்கிறோமே, அது. அதுவும் ஒரு நெசவுதான் மருமகன். துணி கிழிந்து வந்தால், இழுத்துக் கிழிந்ததா, இழை உக்கிக் கிழிந்ததா என்று விளிம்பைப் பார்த்தே நான் சொல்வேன். நூலில் சாயம் போடும் காரம் சரியாக அலசப்படாமல் நின்றால், அலுமாரிக்குள் மடித்து வைத்த சாரனும் தானாகப் பிளக்கும். யாரும் இழுக்கத் தேவையில்லை. ஸம்றாவின் சவ்வு உள்ளிருந்து உக்கியிருக்கிறது.

உக்க வைத்தது அழற்சி. கையில் முள் குத்தினால் சிவந்து வீங்கிச் சுடுகிறதே, அதே வேலை உள்ளுக்குள் நடந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கிருமி கீழிருந்து மேலே ஏறியிருக்கலாம் என்கிறார். கிருமியைக் கண்டதும் உடம்பின் காவல் அணுக்கள் விழித்து, இன்டர்லூக்கின் என்ற செய்திச் சரக்கை வெளியே விடுகின்றன. அதைக் கேட்டு வெள்ளை அணுக்கள் கூட்டமாய் வந்து இறங்குகின்றன. துண்டை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது அந்தக் கூட்டத்தைத்தான் டொக்டர் கண்டிருக்கிறார். கிருமியைக் கொல்ல அவை விடும் சாறு சவ்வின் இழையையும் தின்றுவிடுகிறது. அதே செய்தி புரோஸ்டாகிளாண்டின் என்ற இன்னொன்றையும் எழுப்புகிறது. கர்ப்பப்பை வாயை இளக்கி, வலியைத் தொடங்குவது அது. பத்தாம் மாதம் வரவேண்டிய உத்தரவு ஏழாம் மாதம் வந்துவிட்டது. கர்ப்பப்பையை அமைதியாக வைத்திருக்கும் ஹோர்மோன் இரத்தத்தில் இருந்ததாம். ஆனால் அந்தச் சத்தத்துக்குள் அதன் பேச்சு எடுபடவில்லை.

காய்ச்சல் இல்லை, நோவு இல்லை. அவளுக்கு எப்படித் தெரியும்? "ஸ்கூட்டியா டொக்டர்?" என்று இரண்டு தரம் கேட்டேன். "ஸ்கூட்டியில போனா வெள்ளை அணு வந்து குவியாது ஐயா" என்றார். "கண்ணூறா?" என்றும் கேட்டேன். சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டு, "எல்லாக் குறைமாதமும் இப்படியில்ல. பலதுக்குக் காரணமே தெரியாது. இதுல தெரிஞ்சது, அந்தத் துண்டு இருந்தபடியா" என்றார்.

காரணம் கேட்டீர்கள். உங்கள் மனைவி கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள். இனி உங்கள் முறை.

மாமா


டோஹா
22.12.2024

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் வாசித்தேன். அம்னா என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். வேறு ஒன்றும் செய்ய வரவில்லை.

நீங்கள் துணியில் சொன்னீர்கள், எனக்கு ஏசியில் விளங்கியது. காவலுக்கு வைத்த சென்சரே மெசினை நிறுத்திவிடும் நேரமும் உண்டு. அதற்காக வீட்டுக்காரரை ஏச முடியாது.

உம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். "டொக்டர்மாருக்கு என்ன தெரியும்" என்றா. "உங்களுக்கு என்ன தெரியும் உம்மா" என்று முதல் முறையாகக் கேட்டேன். கோபத்தில் போனை வைத்துவிட்டா. இடம் பார்ப்பதை நிறுத்தியாயிற்று.

கேட்க வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். இது திரும்ப வருமா? அந்தக் கிருமி என்னால் வந்திருக்குமா? ஸம்றா என்னை ஏற்பாளா? மூன்றுக்கும் பதில் எழுதுங்கள். நான் வர விரும்புகிறேன்.

உங்கள் மருமகன்,
ஸஜாத்


மருதமுனை
19.01.2025

மகன் ஸஜாத்,

திரும்ப வரலாம். ஒரு முறை வந்தவருக்கு மற்றவரைவிட வாய்ப்புக் கூட என்று டொக்டர் மறைக்காமல் சொன்னார். உத்தரவாதம் கேட்டேன், தர மறுத்தார். தந்திருந்தால் நான் அவரை நம்பியிருக்க மாட்டேன். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. கர்ப்பப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் பார்த்துக்கொண்டே வரலாம், குறைந்தால் ஹோர்மோன் மருந்து உண்டு, கிருமி இருந்தால் நேரத்துக்குப் பிடிக்கலாம். உங்களால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாதாம். அநேகமாக அவளுடைய உடம்பிலேயே வழமையாக வாழ்கிற கிருமிதானாம். குற்றவாளி தேடுகிற விசாரணை இல்லை இது என்றார்.

மூன்றாவது கேள்வியை நீங்களே வெள்ளிக்கிழமை அவளிடம் கேட்டுவிட்டீர்கள். நான் ஜும்ஆ தொழுகைக்குப் போய்வந்தும் போன் ஓய்ந்திருக்கவில்லை. உங்கள் மாமி சோற்றை மூன்று முறை சுடவைத்தாள். கடைசியில் ஸம்றா வெளியே வந்து, "வாப்பா, பேசி முடிஞ்சிது. உங்கட வழக்கப்படி எழுதி அனுப்புங்க, மறுகா மாறக்கூடா" என்றாள். அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். நான் ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

நோன்புக்கு முன் நீங்கள் வந்துவிட வேண்டும். டோஹாவுக்குத் திரும்பிப் போவது பற்றிப் பேச்சு இல்லை. என் கடையில் உங்களுக்கு வேலை கிடையாது. ஏசி வேலையைக் கல்முனையில் உங்கள் சொந்தப் பெயரில் தொடங்க வேண்டும். டொக்டர் சரி என்று சொல்லும்வரை அடுத்த பிள்ளைக்கு அவசரப்படுவதில்லை. அதற்கு முன் கிளினிக்குக்கு அவள் தனியே போகமாட்டாள், இருவருமாகப் போய் இருவரும் சோதித்துக்கொள்ள வேண்டும். அவள் கடைக்கு வருவதை நிறுத்தமாட்டாள். உங்கள் உம்மா எப்போதும் வரலாம், உண்ணலாம், தங்கலாம். காரணம் சொல்ல மட்டும் இந்த வீட்டில் அவருக்கு அனுமதியில்லை.

கடைசி ஒன்று. இதை நீங்கள்தான் முதலில் சொன்னீர்களாம், அவள் உடனே ஓம் என்றாளாம். இன்னொரு பிள்ளையும் முந்தி வந்தால், நீ என்ன செய்தாய் என்று ஒருவரை ஒருவர் கேட்பதில்லை. இருவரும் சேர்ந்து டொக்டரைக் கேட்பது.