ஒன்பதாவது அறையின் கதவு

மார்ச் 3, திங்கள்

அன்புள்ள சுண்டு,

உறுதியான செய்தி முதலில். நம்முடைய பழைய கம்ப்யூட்டர் ஓடுகிறது. சொன்னவர் ரேடியோ ரிப்பேர்க் கடைக்காரர். நேற்று மாலை ஐந்து மணிக்கு என் முன்னாலேயே ஓட்டிக் காட்டினார்.

அப்பா போன பிறகு பரணில் கிடந்த பெட்டிகளை இறக்குகிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? மூன்றாவது பெட்டியில், போர்வைக்குள் சுற்றி இருந்தது. கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒரே பலகையாக, டிவியில் மாட்டி ஓட்டுவோமே, அதேதான். கடைக்காரர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "மேடம், இதுக்கு ஸ்பேர் என்கிட்ட இல்ல. எங்கப்பா கடையில உக்காந்திருந்தப்பவே இருந்திருக்காது" என்றார். ஆனாலும் மூன்று நாள் எடுத்துக்கொண்டு, உப்பிப் போயிருந்த இரண்டு கண்டென்சர்களை மாற்றிவிட்டார்.

நம் விளையாட்டைப் பதிந்து வைத்த கேசட்டும் பத்திரமாக இருக்கிறது. டேப் ரெக்கார்டரில் போட்டதும் அந்தக் கீச்சொலி கிளம்பியது. கடைக்கு வந்திருந்த ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் நின்று கேட்டேன். நான்கு நிமிடம் இருபது நொடி. பிறகு திரையில் நம் நிலவறை: நீலச் சுவர்கள், மஞ்சள் கட்டமாக நீ, ஒன்பது அறைகள்.

உன் கண் எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "இருக்கு, இருக்கு" என்கிறாய். உன் மனைவியும் வாயைத் திறப்பதில்லை. வலது கண் போனபோதும் இப்படித்தான் மறைத்தீர்கள். இரண்டு வாரமாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விவரமாக எழுது. தடித்த பேனாவில் எழுதியிருக்கிறேன். படிக்க முடிந்ததா என்பதையும் எழுது.

அன்புடன்,
அக்கா


மார்ச் 7, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

படிக்க முடிந்தது. பட்டறையில் இருக்கும் பூதக்கண்ணாடி விளக்கின் கீழே வைத்து, வரி வரியாக நகர்த்திப் படித்தேன். போன் வெளிச்சம்தான் கண்ணுக்கு ஆகவில்லை. அதனால் கடிதமே எழுது. போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் சண்டை போட மூன்று நாளாவது ஆகும்.

கண் விஷயம். ஆபரேஷன் 27ஆம் தேதி, வியாழன், காலை ஒன்பது மணிக்கு. டாக்டரிடம் நேராகவே கேட்டேன்: "பார்வை வருமா, வராதா?" "பாதிக்குப் பாதின்னு வெச்சுக்கங்க" என்றார். வராவிட்டால் மோட்டாருக்குக் காயில் கட்டும் தொழில் அதோடு சரி. முடி மாதிரிக் கம்பியைத் தடவிப் பார்த்துச் சுற்ற முடியாது. இப்போதே பெரிய மோட்டார்களை மட்டும்தான் எடுக்கிறேன். பயமாக இருக்கிறது அக்கா. இதை என் மனைவியிடம் சொல்லிவிடாதே, அவளிடம் வீரம் பேசி வைத்திருக்கிறேன்.

ஆபரேஷனுக்குப் போகும் முன் எனக்கு ஒரே ஒரு ஆசை. அந்த ஒன்பதாவது அறையின் கதவைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். டிவியில் பெரிய பெரிய கட்டங்கள்தானே, அது எனக்குத் தெரியும். நினைவிருக்கிறதா? சாவி என் கையில் இருக்கும், கதவு முன்னால் நிற்பேன், திறக்காது. இரண்டு கோடை விடுமுறை அப்படியே போனது. கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டேன். அப்பா நாலு சாத்து சாத்தி, கம்ப்யூட்டரைப் பிடுங்கி வைத்துவிட்டு, மாமா பட்டறையில் கொண்டுபோய் விட்டார். மாமா நல்லவர். "மறுபடி எழுதேன்டா பரீட்சைய" என்று ஒரு வருடம் சொல்லிக்கொண்டே இருந்தார். நான்தான் மாட்டேன் என்றேன். சின்னப் பிள்ளைகளுக்கென்று பத்திரிகையில் போட்ட விளையாட்டு, அதையே முடிக்கத் தெரியவில்லை, நம் மண்டை அவ்வளவுதான் என்று அன்றைக்கே தெரிந்துபோயிற்று. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

விளையாட்டின் புரோகிராம் அச்சாகியிருந்த அந்தப் பத்திரிகை எங்காவது கிடைக்குமா? நான்கு பக்கம், பொடி எழுத்து. நீ ஸ்கேல் வைத்துப் படிப்பாய், நான் அடிப்பேன். ஒரு வரி முடிந்ததும் "ம்" என்பேன், நீ அடுத்ததுக்குப் போவாய். நடுவில் எங்கேயோ நான் தப்பாக அடித்திருக்கிறேன். கண்டுபிடித்துச் சொல். முப்பது வருடம் பேப்பர் ஆபீஸில் அதைத்தானே செய்தாய்.

இப்போதும் சுண்டுவிரலால்தான் பொத்தான்களை அமுக்குகிறேன். நீ வைத்த பெயர் லேசில் போகாது.

உன் தம்பி,
சுண்டு


மார்ச் 13, வியாழன்

அன்புள்ள தம்பி,

பத்திரிகை கிடைத்துவிட்டது. ஒரு கல்லூரி நூலகத்தின் பழைய இதழ் அடுக்கில் இருந்தது. நூலகர் அந்த நான்கு பக்கங்களையும் நகல் எடுத்துக் கொடுத்தார். நேற்று காலை பத்து மணியிலிருந்து ஒன்றரை மணி வரை, கேசட்டில் இருப்பதைத் திரையில் வரவழைத்து, நகலோடு ஒப்பிட்டேன். பத்திரிகையில் 214 வரிகள். கேசட்டில் 203. நீ அடித்த 203 வரிகளிலும் ஒரு பிழை இல்லை. ஒரு காற்புள்ளிகூட இடம் மாறவில்லை.

இல்லாதவை பதினொன்று. 1850 முதல் 1950 வரை, பத்துப் பத்தாகப் போகும் வரி எண்கள். சாவி கையில் இருந்தால் கதவைத் திற என்று சொல்லும் வரிகள் அவைதான். அவை இல்லாமலும் ஆட்டம் ஓடும். கதவு மட்டும் எந்தக் காலத்திலும் திறக்காது.

வரிகள் விடுபட்டிருப்பதைத் தெரிந்துகொள்ள நான் நூலகத்துக்குப் போயிருக்க வேண்டியதில்லை. விட்டது நான்தான்.

பத்திரிகையைத் திங்கள் காலை பக்கத்து வீட்டு டீச்சரிடம் திருப்பித் தர வேண்டியிருந்தது. அன்று ஞாயிறு சாயங்காலம். சினிமாவுக்குக் கிளம்பிய என் தோழிகள் வாசலில் நின்று, "வர்றியா, நாங்க போகட்டுமா?" என்று கத்தினார்கள். நான் 1840ஐப் படித்தேன். நீ "ம்" என்றாய். அடுத்து 1960 என்றேன். நீ தலையைத் தூக்கினாய்.

"நடுவுல நம்பரெல்லாம் எங்கக்கா போச்சு?"

"புத்தகத்துலயே அப்படித்தான்டா இருக்கு. அடி."

நீ அடித்தாய். புத்தகத்தைக் காட்டு என்று கேட்கவில்லை. அக்கா சொன்னால் உனக்குப் போதும்.

அவை என்ன வரிகள் என்று அன்று எனக்குத் தெரியாது. ஆனால் நீ அந்தக் கதவின் முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு கோடையிலும் சந்தேகம் இருந்தது. அப்பா உன்னை அடித்த அன்றாவது சொல்லியிருக்கலாம். முதலில் பயம். பிறகு வெட்கம். பிறகு, நீ நன்றாகத்தானே இருக்கிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆபீஸில் புதிதாக வந்தவர்களை எல்லாம் "மூலத்தப் பாத்தியா? நீயே பாத்தியா?" என்று கேட்டு உயிரை வாங்குவேன். எதனால் என்று ஒருவருக்கும் தெரியாது.

உன் மண்டையில் ஒரு குறையும் இல்லை. 203 வரிகளைக் காதால் மட்டும் கேட்டுப் பிழையில்லாமல் அடித்தபோது உனக்குப் பதின்மூன்று வயது. ஆபரேஷன் நேரத்தில் இதைச் சொல்லலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். சொல்லாமல் அந்த வரிகளை மட்டும் நான் சேர்த்து அனுப்பினால், உன் பிழையைத் திருத்தியதாக நினைத்து எனக்கு நன்றி சொல்வாய். அதை என்னால் தாங்க முடியாது.

மன்னிப்பாயா?

அக்கா


மார்ச் 20, வியாழன்

அன்புள்ள தம்பி,

பதில் இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: என் கடிதம் 15ஆம் தேதி உன் கைக்கு வந்தது. விளக்கின் கீழே வைத்து இரண்டு முறை படித்தாய். மடித்துச் சட்டைப் பையில் வைத்தாய். சொன்னது உன் மனைவி, நேற்று போனில். என் பேச்சை எடுத்தாலே "உன் வேலையப் பாரு" என்கிறாயாம். "அண்ணி, அப்படி என்னத்தத்தான் எழுதித் தொலைச்சீங்க?" என்று கேட்டாள். உன் ரத்த அழுத்தம் ஏறியிருப்பதாகவும், இறங்காவிட்டால் ஆபரேஷனைத் தள்ளிப் போடுவார்கள் என்றும் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். இந்தத் தாளே மூன்றாவது தாள்.

புதன் காலை ரயிலில் வருகிறேன். பதினொன்றரைக்கு உன் வீட்டில் இருப்பேன். கம்ப்யூட்டர், டேப் ரெக்கார்டர், கேசட், நகல் எல்லாம் கொண்டுவருகிறேன். அந்தப் பதினொரு வரிகளையும் நீ படிக்கும்படி, ஒரு தாளுக்கு ஒரு வரியாகப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் கதவைத் திறக்க வேண்டாம். எல்லாவற்றையும் வாசலில் வைத்துவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். தயவுசெய்து மாத்திரையை விடாமல் சாப்பிடு.

அக்கா


மார்ச் 22, சனி

அக்கா,

மாத்திரை சாப்பிடுகிறேன். அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆபரேஷன் தேதியில் இதுவரை மாற்றமில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் சந்தோஷம்தான் வந்தது. நான் மக்கு இல்லை என்று பட்டறையில் யாரையாவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல இருந்தது. கோபம் மறுநாள்தான் வந்தது. மக்கு இல்லாத ஒருவன் இத்தனை வருடம் மக்காகவே இருந்துவிட்டானே என்று. அந்தக் கோபத்தில்தான் பதில் எழுதவில்லை.

வாசலில் வைத்துவிட்டுப் போகிற நாடகமெல்லாம் வேண்டாம். தெருவே வேடிக்கை பார்க்கும். கதவு திறந்தே இருக்கும், வா.

தாளில் எழுதியதைக் கொண்டுவராதே. முன்பு மாதிரியே நீ படி, நான் அடிக்கிறேன். நகல் மட்டும் இரண்டு எடுத்துக்கொள். நீ ஒன்றைப் பார்த்துப் படிக்கும்போது என் மனைவி மற்றதை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். வரி விட்டுப்போகாமல் அவள் பார்த்துக்கொள்வாள். வருத்தப்படாதே, நீ உன் ஆபீஸில் செய்ததுதான்.

மன்னிப்பாயா என்று கேட்டிருந்தாய். இன்னும் இல்லை. நிலவறைக் கதவு திறக்குமா என்பது புதன்கிழமை தெரிந்துவிடும். பார்வை வந்ததா என்பது சனிக்கிழமை கட்டு அவிழ்த்ததும் தெரியும். இந்த மன்னிக்கிற விஷயம் மட்டும் எப்போது தெரியும் என்று எனக்கே தெரியவில்லை. அதுவரைக்கும் ஊர் திரும்ப டிக்கெட் எடுக்காதே.

சுண்டு