இரும்பு அறுக்க ஒரு மெஷின்

பிப்ரவரி 9, திங்கள்

வேலை போய் இன்றோடு இருபத்தாறு நாள். பின்பக்க ஷெட்டில் கிடந்த பழைய சைக்கிள், உடைந்த கட்டில், காய்ந்த பெயின்ட் டப்பா எல்லாவற்றையும் எடைக்குப் போட்டேன். மேஜை போட்டாயிற்று. பைப்பைக் கவ்விப் பிடிக்க வைஸ் பொருத்தியாயிற்று. வெல்டிங் செட்டை மச்சான் கொடுத்தார். தன்னிடம் இரண்டு இருப்பதால்தான் தருகிறார் என்பதை மூன்று முறை சொல்லிவிட்டுக் கொடுத்தார்.

இனி இரும்பு அறுக்க ஒரு மெஷின் வேண்டும். அது இல்லாமல் கேட், கிரில் எதையும் தொட முடியாது. கையில் ஆக்ஸா பிளேடை வைத்துக்கொண்டு ஒரு கேட்டுக்கான பைப்பை அறுக்க இந்த ஜென்மம் போதாது.

பத்தொன்பது வருடம் கட்டிங் செக்ஷனில் நின்றவன் நான். மெஷின் தேர்ந்தெடுக்க எனக்கா தெரியாது?

பிப்ரவரி 11

நோட்டில் எழுதிப் பார்த்தேன். கல் சக்கரம் போட்ட கட்டிங் மெஷின்தான் விலை குறைவு. ஆனால் தீப்பொறி, புகை, ஊரைக் கூட்டும் சத்தம். வெட்டிய முனை பிசிறோடு நிற்கும், அதைத் தேய்க்க இன்னொரு வேலை. பல் வைத்த தகடு என்றால் வெட்டு சுத்தம், முனை சுடாது. பைப் கொஞ்சம் அசைந்தால் போதும், பல் போய்விடும். புதுத் தகட்டின் விலையைக் கேட்டால் நமக்குப் பல் போய்விடும். மூன்றாவது பேண்ட் சா. நீள ரம்ப நாடா இரண்டு சக்கரத்தில் சுற்றும். ஆற அமர அறுக்கும், தையல் மெஷின் அளவுக்குத்தான் சத்தம். விலைதான் எட்டாத உயரம்.

சத்தம் முக்கியம். ஷெட்டுக்கும் படுக்கையறைக்கும் ஒரே சுவர். என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நிரந்தர நைட் டியூட்டி. காலை எட்டுக்கு வந்து மூன்று மணி வரை தூங்குவாள். இப்போது வீடு ஓடுவது அந்தத் தூக்கத்தில்தான்.

பிப்ரவரி 14

கடைக்குப் போனேன். ஒன்றும் வாங்கவில்லை.

பிப்ரவரி 20

இரண்டு கடை. ஒன்றும் வாங்கவில்லை.

பிப்ரவரி 27

மச்சான் வந்தார். நோட்டைப் புரட்டினார். பதினான்கு பக்கம் ஆகிவிட்டது. "மாப்பிள்ளை, பொண்ணு பாக்கறதுக்குக்கூட நீங்க இவ்வளவு யோசிக்கலயே," என்று சிரித்தார். தன் தங்கையின் முன்னால், என் மனைவியின் முன்னால், சொல்கிற பேச்சா இது? சிரித்து வைத்தேன்.

வீடு கட்டும் மேஸ்திரி ஒருவர் எட்டு ஜன்னலுக்குக் கிரில் கேட்டிருந்தார். "மெஷின் வரட்டும்" என்று ஆறப்போட்டிருக்கிறேன்.

மார்ச் 3

எழுதக்கூடாது என்றுதான் நினைத்தேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது.

மாலை காபி குடிக்கும்போது, பேண்ட் சா மோட்டாரில் இருக்கிற வித்தியாசத்தை அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் தலையை வாரிக்கொண்டே கேட்டாள். பிறகு சீப்பைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு சொல்லட்டுமா? தப்பா நினைக்காதீங்க. மெஷின் வாங்கற வரைக்கும் நீங்க தோக்கல. அதுக்காகத்தான வாங்காம இருக்கீங்க?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள், நோயாளியிடம் காய்ச்சல் அளவைச் சொல்வது போல.

தெரிந்துதான் சொன்னாள். அதுதான் பொறுக்கவில்லை.

மார்ச் 4

வாங்கிவிட்டேன். கல் சக்கரம் போட்டதுதான். கையில் இருந்ததற்கு அதுதான் வந்தது. இன்னும் ஒரு மாதம் பொறுத்திருந்தால் வேறு வாங்கியிருக்கலாம். யார் பொறுப்பது? தோற்கப் பயந்தவன் என்று பேர் வாங்கிக்கொண்டு?

சத்தத்தை மறக்கவில்லை. கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொன்னேன். பயந்த அளவுக்கு இல்லை. கடைக்காரர்கூட, "என்னண்ணே, இவ்வளவு கிட்ட நின்னு பாக்கறீங்க," என்றார். பழகின காது என்றேன்.

மார்ச் 6

காலை பத்துக்கு முதல் வெட்டு. ஒன்றேகால் இஞ்ச் ஸ்கொயர் பைப். நேர்கோடு. கை மறக்கவில்லை. மூன்றாவது துண்டில் யாரோ பின்னால் நிற்பது போலத் தோன்றித் திரும்பினேன். அவள். தலைமுடி கலைந்து, ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

காதுக்கவசத்தைக் கழற்றினேன். அப்போதுதான் புரிந்தது.

பத்தொன்பது வருடமாக, மெஷின் ஸ்விட்சுக்குக் கை போகும் முன் காதுக்கவசத்துக்குக் கை போகும். பையில் எப்போதும் கிடக்கும். கடையிலும் மாட்டிக்கொண்டுதான் நின்றிருக்கிறேன். மாட்டியதே நினைவில்லை. காதைப் பொத்திக்கொண்டு சத்தத்தை அளந்த புத்திசாலி! நான் கிட்ட நிற்பதைச் சொன்ன கடைக்காரர், காதில் இருப்பதைச் சொன்னாரா? விற்றால் போதும் அவருக்கு.

அவளிடம் சொல்லவில்லை. "கொஞ்சம் பொறுத்துக்கோ," என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 10

மெஷினுக்கடியில் ரப்பர் ஷீட். சுவரில் பழைய மெத்தையைச் சாய்த்தேன். மூன்று மணிக்குப் பிறகுதான் அறுப்பது என்று தீர்மானம். மச்சானை ஓட்டச் சொல்லிவிட்டுப் படுக்கையறையில், வெறும் காதோடு, கட்டிலில் படுத்துப் பார்த்தேன்.

இரண்டு துண்டுதான் அறுத்தார். எழுந்து வந்துவிட்டேன். "எப்படி மாப்பிள்ளை?" என்றார். பரவாயில்லை என்றேன்.

மார்ச் 13

தீர்மானம் மூன்று நாள் நின்றது. மேஸ்திரி விரட்டுகிறார். பதினொரு மணிக்கு, நாலே நாலு துண்டு. நாலு என்பது ஒன்பதாயிற்று.

மார்ச் 16

புதிய காதுக்கவசம் ஒன்று வாங்கிவந்து அவளிடம் கொடுத்தேன். நல்ல கம்பெனி, என்னுடையதைவிட உசத்தி. அவள் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதோட எப்படிங்க ஒருக்களிச்சுப் படுக்கறது?"

கத்தினேன். எல்லாரும் என்னை வேலை செய்ய விடாமல் பண்ணுகிறார்கள் என்றேன். எல்லாரும் என்றால் யார்? வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

மார்ச் 19

காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ராத்திரி வார்டில் ஏழாம் கட்டிலுக்குப் போடவேண்டிய ஊசியை எட்டாம் கட்டிலுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம். போடவில்லை. ஸ்பிரிட் பஞ்சால் கையைத் துடைக்கும்போது அந்தக் கிழவர், "எனக்கு ஊசி கிடையாதேம்மா," என்றிருக்கிறார்.

"அவர் தூங்கிட்டிருந்தா போட்டிருப்பேன்," என்றாள். அதையே இரண்டு தடவை சொன்னாள்.

மெஷின் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். இனி பகலில் தொடமாட்டேன். அவள் மேல் சத்தியம்.

மார்ச் 21

மேஸ்திரி போன். "நாளைக்கு வரலேன்னா வேற ஆளப் பாத்துக்கறேங்க. கோவிச்சுக்காதீங்க."

ஆறு துண்டுதான் பாக்கி. மணி பன்னிரண்டு. மூன்று மணிக்கு ஆரம்பித்திருந்தாலும் முடித்திருக்கலாம், வெல்டிங்குக்கு ராத்திரி இருந்தது. இப்போது உட்கார்ந்து கணக்குப் போட்டால் முடிகிறது. அப்போது கை ஸ்விட்சுக்குப் போய்விட்டது.

போகவில்லை. நான்தான் போட்டேன்.

வந்து நிற்பாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. உள்ளே போனபோது ஒரு பையில் யூனிஃபார்மை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"நர்ஸ் ஹாஸ்டல்ல ஒரு கட்டில் காலியா இருக்கு. அங்க படுத்துக்கறேன். கோவமெல்லாம் இல்ல. எனக்குத் தூங்கணுங்க."

நிறுத்தியிருக்கலாம். "போனால் போ" என்றேன். அதுவும் சத்தமாக.

மார்ச் 22

கிரில் கொடுத்தாயிற்று. மேஸ்திரிக்குத் திருப்தி.

ஏப்ரல் 8

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள். முதல் ஞாயிறு துணி எடுக்க. இரண்டாம் ஞாயிறு, எனக்கு ரசம் வைத்துக் கொடுக்க. இந்த ஞாயிறு டியூட்டி மாற்றமாம்.

ஏப்ரல் 30

காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை ஓயாமல் அறுத்தேன். வேலை நன்றாக ஓடுகிறது. கம்பெனியில் என்னை வெளியே அனுப்பியவர்கள் வந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். பிறகு, வேண்டாம், வந்தால் வீட்டையும் பார்ப்பார்கள் என்று தோன்றியது.

மே 23

கடைக்காரர் கூப்பிட்டார். யாரோ ஆறு மாதம் ஓட்டிவிட்டுத் திருப்பிய பேண்ட் சா, பாதி விலை. போனேன். காதில் எதையும் மாட்டாமல் நின்று பார்த்தேன். அது அறுத்துக்கொண்டிருக்க, நாங்கள் குரலை உயர்த்தாமல் பேசினோம்.

அங்கிருந்தே அவளுக்குப் போன் செய்தேன். மூன்றரை மணி. எழுந்திருப்பாள்.

"சத்தமே இல்ல," என்றேன். "நீ உள்ள படுத்திருந்தா ஓடுதுன்னே தெரியாது."

போனில் அவளுக்குப் பின்னால் யாரோ பெண்கள் சிரிக்கும் சத்தம்.

"வாங்குங்க," என்றாள். "அக்கம்பக்கத்துக்கு நிம்மதி."

நீ வருவாயா என்று கேட்க வாய் வரை வந்தது. கடைக்காரர் பக்கத்தில் நின்றார் என்று சப்பைக்கட்டு கட்டிக்கொள்கிறேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாள். நல்லாத் தூங்கறேன் என்றும் சொன்னாள், நான் கேட்காமலே.

மே 25

பேண்ட் சா வந்து இறங்கியது. நினைத்ததைவிடப் பெரிசு. ஷெட்டில் வெல்டிங் மேஜையை வைத்துக்கொண்டு இதையும் போட இடமில்லை. மச்சான் ஒரு கை பிடித்தார்.

கட்டிலைப் பிரித்துச் சுவரோரம் சாய்த்துவிட்டு, மெஷினைப் படுக்கையறையில் போட்டேன். பைப்பின் மறுமுனை ஜன்னல் வழியாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது.