கொய்யா வேரைக் கழுவிய சனிக்கிழமை

இன்று காலை மண்மேட்டின் மேல் விரித்திருந்த பாலித்தீன் தாளை உருவினேன். சித்திரை வெயிலில் ஐந்து வாரம் மூடிக் கிடந்த மண். தாள் விலகியதும் சூடாக ஒரு வாசனை எழுந்தது, வேகவைத்த வேர்க்கடலையை வடிக்கும்போது வருமே, அது மாதிரி. பின்னால் நின்ற என் மனைவி, "அவங்க இருந்தா இந்நேரம் ஒரு பிடி அள்ளி மோந்து பாத்திருப்பாங்க" என்றாள்.

நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது, தங்கச்சி. எங்கள் வீட்டில் உங்கள் பேச்சு இப்படித்தான் வேலைக்கு நடுவில் வந்துவிடுகிறது. நேரில் சொல்லாமல் விட்டதை எழுதியாவது வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

நாம் சந்தித்த தோட்டக்கலைப் பயிற்சியில் நான் சேர்ந்தது படிப்பதற்காக இல்லை. சமயபுரத்துக்கு முன்னால் நெடுஞ்சாலை ஓரம் அப்போதே இருபத்தைந்து வருடமாக நர்சரி வைத்திருந்தவன் நான். அரசுத் திட்டங்களுக்குக் கன்று கொடுக்க வேண்டுமானால் இனிமேல் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். நர்சரிக்காரர்களுக்கும் தோட்டம் அமைப்பவர்களுக்கும் சனி, ஞாயிறுகளில் ஆறு மாத வகுப்பு. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், ஐம்பத்திரண்டு வயதில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். நீங்கள் திருவெறும்பூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து, முதல் நாளே தாமதமாக நுழைந்து, "அண்ணே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றீர்கள்.

கல்யாணத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்ததாகவும், வீடுகளுக்குத் தோட்டம் அமைத்துக் கொடுக்கும் தொழில் செய்ய ஆசை என்றும் சொன்னீர்கள். அன்று இடைவேளையில் வாசலிலிருந்த செடியைக் காட்டி "நல்லா வளந்த செம்பருத்தி" என்றீர்கள். அது பூவரசு. நான் சிரித்துவிட்டேன். நீங்களும் சிரித்துவிட்டு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டீர்கள். அதற்கடுத்த வாரம், போர்டில் ஆங்கில எழுத்தில் இருந்த தாவரப் பெயர்களைப் படிக்கத் தெரியாமல் நான் பேனாவை உருட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தீர்கள். ஒன்றும் கேட்கவில்லை. எல்லாப் பெயர்களையும் தமிழ் எழுத்தில் எழுதி, அந்தத் தாளை என் பக்கம் நகர்த்தி வைத்தீர்கள். பதிலுக்கு நான் உங்களுக்கு ஒட்டுக்கட்டக் கற்றுக்கொடுத்தேன். லேபில் ஊசி பிடித்த கை, மூன்றாவது முயற்சியிலேயே என்னைவிடச் சுத்தமாகக் கட்டியது.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. அவரவர் தோட்டத்திலிருந்து ஒரு கன்றைக் கொண்டுவந்து, வேரைக் கழுவிப் பார்க்கும் செய்முறை வகுப்பு. நான் என் கொய்யாப் பாத்தியிலேயே செழிப்பான கன்றைக் கொண்டுவந்தேன். கர்வமாகத்தான் கொண்டுவந்தேன். நீங்கள் பையைக் கிழித்து, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசினீர்கள். மண் கரைந்ததும் வேரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தீர்கள். வேர் நெடுக மணி கோத்த மாதிரி முடிச்சு முடிச்சாக இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத நூற்புழு வேருக்குள் புகுந்து செய்யும் வேலை அது. நட்டு ஒன்றிரண்டு வருடம் தெரியாது, அப்புறம் மரம் ஒவ்வொன்றாக வாடும். புழு அந்த வயலிலேயே தங்கிவிடும்.

"இத சாருகிட்ட நீங்க காட்டுறீங்களா, நான் கூப்பிடட்டுமாண்ணே?" என்று தாழ்ந்த குரலில் கேட்டீர்கள்.

"வேணாம்மா. வெளிய தெரிஞ்சா இருபத்தஞ்சு வருசப் பேரு போயிரும்." வேரின் மேல் சேற்றை அப்பி, கன்றை என் பைக்குள் திணித்துவிட்டேன். நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் ஞாயிறு, வகுப்பு முடிந்த கையோடு ஸ்கூட்டரில் என் நர்சரிக்கே வந்துவிட்டீர்கள். கொய்யாப் பாத்தியில் ஆறு இடத்தில் ஆறு கன்றுகளை எடுத்து, என் மனைவியிடம் வாளி வாங்கிக் கழுவினீர்கள். ஆறிலும் முடிச்சு. பழைய கொய்யாத் தோப்பிலிருந்து நான் அள்ளி வந்து பையில் நிரப்பிய மண்தான் காரணம் என்பது எனக்கு அப்போதே புரிந்தது. புரிந்ததால்தான் கோபம் வந்தது.

"இந்தக் கன்னு யாருக்குண்ணே போகுது?" என்று கேட்டீர்கள்.

லால்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர், நெல்லை விட்டுவிட்டு ஒரு ஏக்கரில் கொய்யா வைக்கிறார், திங்கட்கிழமை வண்டியோடு வருகிறார் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். அப்போதுதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"பூவரசுக்கும் செம்பருத்திக்கும் வித்தியாசம் தெரியாதவங்க, ரெண்டு மாசம் பெஞ்சுல உக்காந்துட்டு எனக்குப் பாடம் சொல்ல வந்துட்டீங்களா?"

உங்கள் முகம் மாறியது. ஆனால் குரல் மாறவில்லை. "லேப்ல எங்களுக்கு ஒண்ணுதாண்ணே சொல்லிக் குடுத்தாங்க. யாரோட சாம்பிள்னு பாக்கக் கூடாது, என்ன இருக்குன்னு மட்டும் பாக்கணும். நான் சொல்றத நீங்க கேக்க வேணாம். நாளைக்கு வர்றவருக்கு ஒரு வேரக் கழுவிக் காட்டுங்க. பாத்துட்டும் அவரு எடுத்துட்டுப் போனா அது அவரு இஷ்டம்." வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பிப் போனீர்கள்.

திங்கட்கிழமை அந்த விவசாயி வந்தார். குழி வெட்டி ஆறப் போட்டிருப்பதாகவும், பிள்ளைகளெல்லாம் நடுவதற்குக் காத்திருப்பதாகவும் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆட்கள் கன்றுகளை ஏற்ற ஆரம்பித்தார்கள். இரண்டாவது வரிசை ஏறும் வரைக்கும் நான் பேசாமல்தான் நின்றேன், தங்கச்சி. அதை உங்களிடம் கடைசி வரை சொல்லவில்லை. அப்புறம் என்ன தோன்றியதோ, "இறக்குங்கப்பா" என்றேன். ஒரு கன்றின் பையைக் கிழித்து, அவர் முன்னால் வேரைக் கழுவி, முடிச்சுகளைக் காட்டி, என்ன ஆகும் என்பதையும் சொன்னேன்.

அவர் வேரை வாங்கி விரலால் நெருடிப் பார்த்தார். பிறகு, "நீங்க சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுங்களே" என்றார். "நல்ல கன்னு எப்ப வரும்னு சொல்லுங்க. அதுவரைக்கும் உளுந்து போட்டுக்கறேன்."

அந்தப் பாத்தி முழுவதையும் பிடுங்கி எரித்தோம். மூன்று நாள் ஆயிற்று. என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பிடுங்கினாள். அடுத்த சனிக்கிழமை உங்கள் பக்கத்தில் எப்படி உட்காருவது என்று கூசிக்கொண்டே வகுப்புக்கு வந்தேன். நீங்கள் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டீர்கள். "அன்னிக்கு நான் பேசுனது..." என்று ஆரம்பித்தேன். "அண்ணே, போன வாரப் பாடம் எழுதிட்டீங்களா?" என்று நோட்டை நீட்டினீர்கள். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை ஆரம்பித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு பேச்சுக்குப் போய்விட்டீர்கள்.

புழு சாகும்படி மண்ணை வெயிலில் மூடி வேகவைப்பதை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் முதல் தடவை செய்தோம். அந்த மண்ணில் வந்த கன்றுகளைத்தான் லால்குடிக்காரர் கொண்டுபோனார். நீங்கள் சான்றிதழ் வாங்கிய கையோடு ஸ்ரீரங்கத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்குத் தோட்டம் போட்டீர்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் கை எட்ட வேண்டும் என்று இடுப்பு உயரத்துக்குத் தொட்டி கட்டச் சொன்னீர்கள். துளசி, மரு, திருநீற்றுப்பச்சை என்று தொட்டால் மணக்கும் செடிகளாகவே கேட்டீர்கள். எல்லாம் என் நர்சரியிலிருந்துதான். அதிலும் நாலு பையைக் கிழித்துப் பார்த்த பிறகுதான் வண்டியில் ஏற்றவிட்டீர்கள். நான் முறைத்தேன். "யாரோட சாம்பிள்னு பாக்கக் கூடாதுண்ணே" என்று சிரித்தீர்கள். அங்கே ஒரு பாட்டியம்மா மருவைக் கசக்கி முகர்ந்துவிட்டு உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அன்று உங்கள் முகம் எப்படி இருந்தது என்பதை உங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு அதைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

அதற்கு இரண்டு வருடம் கழித்து நோய் வந்ததை நீங்களே ரிப்போர்ட்டைப் படித்துத் தெரிந்துகொண்டீர்கள். நான் உங்களைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, "எல்லாம் சரியாப் போயிரும்மா" என்றேன். "ரிசல்ட்ட மாத்திச் சொல்லாதீங்கண்ணே" என்றீர்கள், அதே தாழ்ந்த குரலில். பிறகு நீங்களே பேச்சை மாற்றினீர்கள். லால்குடிக் கொய்யா காய்த்துவிட்டதா என்று கேட்டீர்கள். முதல் காய்ப்பு இறங்கியிருக்கிறது என்றேன். "அப்ப வேரு நல்லாத்தான் இருக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள். அந்தப் பழத்தை உங்களுக்குக் கொண்டுவந்து கொடுக்க எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

இப்போது பயிற்சி நிலையத்தில் ஒவ்வொரு அணிக்கும் வேர் கழுவும் வகுப்பை என்னை எடுக்கச் சொல்கிறார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைப் போலச் சான்றிதழுக்காக வருகிறவர்கள், தங்கள் கன்றில் குறை இருக்காது என்று நம்புகிறவர்கள். வாளியைத் தொடுவதற்கு முன்னால் என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சேற்றை அப்பி மறைத்ததையும், இரண்டாவது வரிசை ஏறும் வரை வாய் திறக்காமல் நின்றதையும் சேர்த்துத்தான். அதைக் கேட்ட பிறகு யாரும் தங்கள் வேரை மறைப்பதில்லை.

போன வாரம் ஒருவர், "உங்களுக்கு இத யாருங்க சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு வாழ்நாளில் சொல்லக் கிடைக்காத ஒரு வார்த்தை அப்போது என் வாயில் வந்தது. நிமிர்ந்து நின்று சொன்னேன்:

"என்கூடப் படிச்சவங்க."