எடை குறைப்பு என்று எழுதியிருக்கக் கூடாது

டிசம்பர் 29, திங்கள்

காலையிலிருந்து தூறல். கடலூரில் பேருந்தை விட்டு இறங்கும்போது செருப்பு வார் அறுந்தது. ஷோரூம் வரை காலை இழுத்துக்கொண்டே நடை.

மேலாளர் புதுச்சேரியில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். விளைவு: டிராக்டர் விற்கிற இடத்தில் சுவர் நிறைய ஒரு சார்ட். ஒவ்வொருவரும் புத்தாண்டுக்கான சொந்த இலக்கை அதில் எழுத வேண்டுமாம்.

"ஆபீஸ் டார்கெட் இல்லம்மா. ஒன் மனசுல இருக்கறது. ஆனா அளக்கற மாதிரி இருக்கணும்."

மனதில் இருப்பதை, டிராக்டர் வாங்க வருகிறவர்கள் டீ குடித்துக்கொண்டே படிக்கிற இடத்தில்! மெக்கானிக் ஒருவர் 'பொண்டாட்டியிடம் கோபப்பட மாட்டேன்' என்று எழுதினார். மேலாளர் விடவில்லை. "வாரத்துக்கு எத்தினி தடவன்னு போடுங்க."

நான் எழுதியது: எடை குறைப்பு, ஐந்து கிலோ. யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை.

உண்மையானது இங்கே மட்டும். ஒரு அறை. திருப்பாதிரிப்புலியூரில், வேலைக்குப் பக்கத்தில். நான் அணைத்தால் மட்டுமே அணைகிற ஒரு விளக்கு.

டிசம்பர் 30, செவ்வாய்

மழை இல்லை. செருப்பு தைத்தாயிற்று.

மதியம் அந்த அறையை மறுபடி பார்த்தேன். ஸ்டேஷனுக்குப் பின்னால், மாடியில் ஒற்றை அறை. ஒரு ஜன்னல், வெளியே முருங்கை. வீட்டுக்காரம்மா நல்ல மாதிரி. ஆனால்:

"தனியா பொண்ணுன்னா வீட்லேர்ந்து யாராச்சும் ஒருத்தவங்க வந்து பேசணும்மா. ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். பேங்க்ல வேல பாக்கற தம்பி ஒண்ணும் கேட்டுட்டிருக்கு."

யாராச்சும் ஒருத்தவங்க. அப்பாவிடம் சொன்னால் "அம்மாட்ட கேளு" என்பார். ஆக, அம்மா.

மாலை டீயோடு வந்த பஜ்ஜித் தட்டு என் மேசையைத் தாண்டிப் போனது. பில் போடும் செல்வி அக்காவின் கைங்கரியம். "ஒனக்கு வேணாம்ல? சார்ட்டுல போட்டிருக்கியே." வெங்காய பஜ்ஜி. செல்வி அக்காவும் சிதம்பரம்தான், அதே பேருந்து, அம்மாவின் போன் தோழி வேறு. அவளிடம் எதிர்த்துப் பேசவும் பயம்.

டிசம்பர் 31, புதன்

பேருந்தில் நின்றபடி. புத்தகம் பைக்குள்ளேயே. போனில் இலக்குகள் பற்றிக் கட்டுரை மேல் கட்டுரை. ஐந்து மணிக்கு எழு. வெந்நீர் குடி. அமைதியான ஒரு மூலையில் உட்கார்ந்து யோசி. எந்த மூலை? எழுதியவர்கள் யாரும் கூடத்தில் வீட்டார் எல்லோரோடும் படுத்தவர்கள் இல்லை போல.

நானே ஒரு சோதனை வைத்துப் பார்த்தேன். இது நடக்காவிட்டால் அடுத்த டிசம்பரில் எனக்கு வலிக்குமா? எடை: இல்லை. ஹிந்தி கற்பது: இல்லை. அறை: வலிக்கும். இப்போதே வலிக்கிறது.

இன்று சொல்லிவிடுவது என்று வந்தால் வாசலெல்லாம் செருப்பு. திட்டக்குடி அத்தை, குடும்பத்தோடு. நடராஜர் தேரும் தரிசனமும் வந்தால் எங்கள் வீடு சத்திரம். கீழ வீதியை ஒட்டிய சந்தில் குடியிருப்பதன் பலன். என் பாய் அத்தைக்கு. தலையணை மாமாவுக்கு. எனக்கு அடுப்படி, கிரைண்டர் ஓரம்.

"லைட்ட அணை புள்ள, கண்ணு கூசுது." அத்தை.

அத்தியாயம் பாதியில். புத்தாண்டு வாழ்த்துகள்.

ஜனவரி 1, வியாழன்

பனி. தொண்டை கரகரப்பு.

வருடத்தின் முதல் நாள் வீட்டில் எல்லோருக்காகவும் அம்மா வேண்டிக்கொள்வாள். வேண்டுவது அவள், நிறைவேற்றுவது நாங்கள். தம்பி பாஸானால் மொட்டை என்று வேண்டினாள். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவன் மொட்டைத் தலையோடு போய் நின்றான்.

இன்று சந்நிதியில் நெடுநேரம் அவள் உதடு அசைந்தது. வெளியே வந்ததும் ஒரே மலர்ச்சி.

"ஒனக்குத்தான் பெருசா வேண்டியிருக்கேன். தையில கூடி வந்துட்டா திருவதிகைல நீ அடிப்பிரதட்சணம் பண்ணுவேன்னு."

"எது கூடி வந்தா?"

"தெரியாத மாதிரி கேளு. செல்வி சொல்லிட்டா. ஒடம்ப எளைக்கிறியாமே."

பெண் இளைக்கிறாள் என்றால் மாப்பிள்ளை பார்க்கச் சம்மதமாம்! இத்தனை நாள் நான் வாயால் சொன்ன 'வேண்டாம்' ஒன்றுகூடக் காதில் ஏறவில்லை. சார்ட்டில் எழுதிய ஐந்து கிலோ ஏறிவிட்டது.

"ஒனக்குன்னு என்னாம்மா வேண்டிக்கிட்ட?"

"எனக்கா? சீக்கிரம் நட, மாவு பொங்கி வழிஞ்சிருக்கும்."

ஜனவரி 2, வெள்ளி

தேர். சந்துக்குள்ளேயே நிற்க இடமில்லை. தேர் வீதியில் போகிறது, அப்பா அதை டிவியில் பார்க்கிறார். "இதுலதான் நல்லா தெரியுது."

அத்தை என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "ஒங்க மாமா சொந்தத்துல ஒரு பையன், நெய்வேலில வேல. பொண்ணு கொஞ்சம் பூசுனாப்ல இருந்தாலும் பரவால்லன்னுட்டாங்க. நீ எளைக்க வேற எளைக்கிற! ஞாயித்துக்கெழம வரச் சொல்லட்டா?"

"நல்ல எடந்தான்," அப்பா, டிவியிடம்.

"வரட்டும்," அம்மா.

ஞாயிறு. வாரத்தில் வேறு நாளே கிடைக்கவில்லை இவர்களுக்கு.

ஜனவரி 3, சனி

தரிசனம். விடியுமுன்னே அடுப்படியில் நடமாட்டம். என் போர்வையைத் தாண்டித் தாண்டி எல்லோரும். விடுப்பு.

அம்மா களி கிண்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரம்மாவின் போன். "நாளைக்கு வரீங்களா, இல்ல அந்தத் தம்பிக்கே சொல்லிடட்டுமா?" வருகிறோம் என்றேன். சொன்ன பிறகுதான் அம்மாவைப் பார்த்தேன். கரண்டி நின்றிருந்தது.

எல்லாவற்றையும் கொட்டினேன். எடை குறைப்பு பொய், நெய்வேலி வேண்டாம், கடலூரில் ஓர் அறை வேண்டும்.

"தனியாவா?"

"தனியா."

"ராத்திரிலயுமா?"

"ராத்திரிக்குத்தாம்மா."

"இங்க ஒனக்கு என்னாடி கொற?"

வாரம் முழுக்க ஒத்திகை பார்த்த நல்ல வாக்கியங்கள் எத்தனையோ. வாயில் வந்தது: "லைட்ட நான் அணைக்கணும்."

"இதுக்கு ஒரு வீடா?"

களி அடிப்பிடித்தது. அத்தை மட்டும் "லேசா தீஞ்ச வாசன" என்றாள். சாயங்காலம் அம்மா அத்தையிடம் சொன்னது காதில் விழுந்தது. "நாளைக்கு அவுங்கள வர வேணாம்னுடுங்க அண்ணி. எங்களுக்குக் கடலூர்ல ஒரு வேல இருக்கு."

ஜனவரி 4, ஞாயிறு

ரயிலில். அம்மாவுக்கு ஜன்னல் ஓரம். பரங்கிப்பேட்டை தாண்டித்தான் வாய் திறந்தாள்.

"அந்த அடிப்பிரதட்சணத்த இந்த ரூமுக்காகன்னு மாத்திச் சொல்லிட்டேன். சாமி ஒத்துக்குவாரு. பண்ண வேண்டியது நீதான்."

அறையில் அம்மா: குழாயைத் திறந்தாள், மூடினாள். தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டு எடுத்தாள். கழிவறையை மோந்து பார்த்தாள். "தண்ணி எப்ப வரும்? மொட்ட மாடிக்கு யாருனா ஏறி வருவாங்களா? எங்க பொண்ணால சத்தமே இருக்காது. எதுனா படிச்சிக்கிட்டே கெடக்கும்." வீட்டுக்காரம்மாவுக்குப் பரம திருப்தி. மார்கழியில் குடி போகக் கூடாதாம், இரண்டு பேரும் ஒரே குரலில். பொங்கல் கழித்து வர வேண்டும். சரி, சரி, சரி.

வீட்டுக்காரம்மா காபி போடக் கீழே போனார். அம்மா ஜன்னலடியில் உட்கார்ந்தாள். அப்புறம் அப்படியே, வெறும் தரையில், பட்டுப் புடவையோடு படுத்துவிட்டாள்.

"தர அழுக்கும்மா."

"இரு."

கண்ணை மூடிக்கொண்டே: "மாசத்துக்கு ஒரு நாள் வரேன்."

வந்தது எரிச்சல். பருப்புப் பொடி, துடைப்பம், சோதனை, அத்தனையும் கண்முன். "எதுக்கு? நான் பாத்துக்குவேம்மா."

"ஒன்ன பாக்க யாரு வரா? நீ வேலைக்குப் போயிடு. நான் பாட்டுக்குப் படுத்திருந்துட்டு சாயங்காலம் போயிடுவேன்." ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். "அப்பாகிட்ட பாடலீஸ்வரர் கோயிலுக்குன்னு சொல்லிக்கறேன். நீ ஒளறிடாத."

காபி ஆறும் வரை எழுந்திருக்கவில்லை.

முன்பணம் வாங்கிக்கொண்டு சாவி ஒன்றுதான் கொடுத்தார். ஸ்டேஷன் பக்கம் மாற்றுச் சாவி போடுகிற கடை இருக்கிறது. ஞாயிறு. பூட்டியிருந்தது.