ஸ்டெல்லாவின் இளைக்கும் பொடி

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே சுள்ளென்று வெயில். பாலக்கரையில் பஸ் ஏறுவதற்குள் முதுகு நனைந்துவிட்டது. எட்டாம் வகுப்பு அறிவியல் நோட்டுகள் இன்னும் திருத்தவில்லை.

ஓரகத்தி ஸ்டெல்லா குடும்ப வாட்ஸ்அப்பிலும் சர்ச் பெண்கள் வாட்ஸ்அப்பிலும் விளம்பரம் போட்டிருக்கிறாள். அவள் விற்கும் இளைக்கும் பொடி. ‘மெட்டபாலிசத்தைத் தூண்டும். உட்கார்ந்த இடத்திலேயே கொழுப்பு எரியும்.’ இரண்டு படங்கள். ‘முன்பு’: கழுத்துக்கு மேல் வெட்டிய குண்டு உடம்பு, மெரூன் பட்டு. ‘பின்பு’: சிரிக்கும் ஸ்டெ., அதே மெரூன் பட்டு, இடுப்பு என்று ஒன்று.

இவர் பார்த்துவிட்டு, “ஸ்டெல்லா நல்லா இளைச்சிடுச்சுல்ல?” அந்த ‘நல்லா’வை ஏன் அவ்வளவு இழுக்க வேண்டும்? சப்பாத்தி கருகியது. கருகியதை அவர் தட்டில் வைத்தேன்.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். ஒருசந்தி. மதியம் ஒருவேளைச் சோறு மட்டும். பசியோடு டப்பாவின் பின்பக்கம் படித்தேன். (ஆமாம், நானும் ஒன்று வாங்கினேன். இன்னொரு டீச்சர் பெயரில். ஸ்டெ.வுக்குத் தெரியக் கூடாது.)

உள்ளே: கிரீன் டீ, மிளகு, பட்டை, இஞ்சி.
- மிளகு தின்றால் உடம்பு கொஞ்சம் சூடாகும், கொஞ்ச நேரம். ரசத்திலும் அதே மிளகுதான்.
- ‘முழுக்க இயற்கை.’ அரளி விதையும் இயற்கை.
- ‘ஆய்வில் நிரூபணம்.’ யார் செய்தது? எத்தனை பேரிடம்? ஒன்றும் இல்லை.
- அடியில், எறும்பு எழுத்தில்: உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும் அவசியம். அப்புறம் பொடி எதற்கு?

ஞாயிறு, சர்ச்சில் பங்குப் பெண்கள் கூட்டத்தில் நான் பேச வேண்டும். தலைப்பை மாற்றிவிட்டேன்: விளம்பரத்தை நம்பலாமா? ஸ்டெ. வருவாள். நன்றாக வரட்டும்.

மார்ச் 6, வியாழன்

இரண்டு ஸ்பூன் பொடி. எரிந்தது நெஞ்சு மட்டும்.

ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் வைதேகி டீச்சர்: “உங்க ஓரகத்தி எங்க தெருப் பக்கம்தான் இருக்கா. தெனம் விடிகாலைல உத்தர வீதிய நாலு சுத்து சுத்தறா. ராத்திரி சாதமே கெடையாதாம்.”

அப்படியா சேதி! இளைக்க வைத்தது கால், பேர் பொடிக்கு. அது சரி, அவள் முன்பும் அவ்வளவு குண்டாக இல்லையே?

மார்ச் 8, சனி

கூட்டத்தில் காட்டலாம் என்று ‘முன்பு’ படத்தைப் பெரிதாக்கினேன். மெரூன் பட்டு. மாமியார் கிறிஸ்துமஸுக்கு எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரிப் புடவைதான் எடுப்பார், சண்டை வரக் கூடாதென்று. மணிக்கட்டில் குக்கர் சுட்ட தழும்பு.

அது என் கை.

கிறிஸ்துமஸ் அன்று மொட்டைமாடியில் சேர்ந்து நின்று எடுத்தது. என் தலையை மட்டும் வெட்டியிருக்கிறாள். வயிறு பற்றி எரிகிறது. இருபது வருடம் குடித்தனம் நடத்திய மனுஷருக்கும் அடையாளம் தெரியவில்லை. பார்த்ததெல்லாம் பக்கத்துப் படம்.

சொன்னால் ஸ்டெ. மாட்டுவாள். ஆனால் அந்தக் குண்டம்மா நான்தான் என்று பங்கு முழுக்கத் தெரிந்துவிடும். வேண்டாம். மிளகோடு நிறுத்திக்கொள்வேன்.

மார்ச் 9, ஞாயிறு

பூசை முடிந்து கூட்டம். மிளகு, ஆய்வு, எறும்பு எழுத்து, எல்லாம் சொன்னேன். ஸ்டெ. முதல் வரிசையில். தவக்காலத்தில் பட்டு! அதே மெரூன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

பொன்மலை ஜெயமேரி அக்கா எழுந்தார். “நீங்க என்ன சொன்னாலும் டீச்சர், படத்துல கண்ணால பாக்குறோமே. நான் சுகர் மாத்திரைய நிறுத்திட்டு முந்தாநாள்லேர்ந்து இதத்தான் சாப்புடுறேன்.”

ஸ்டெ. தலை குனிந்தாள். வாயைத் திறப்பாள் என்று பார்த்தேன். திறக்கவில்லை.

கையைத் தூக்கிக் காட்டினேன். “மாத்திரைய நிறுத்தாதீங்கக்கா. இன்னைக்கே டாக்டரப் போய்ப் பாருங்க. அந்த மொதப் படத்தப் பெருசு பண்ணுங்க, இந்தத் தழும்பு தெரியும். அது ஸ்டெல்லா இல்ல. நான்.”

எல்லோரும் போனை எடுத்தார்கள். பின்னால் யாரோ சிரித்தார்கள். ஜெயமேரி அக்கா மட்டும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார், ஆஸ்பத்திரிக்கு.

வெளியே வாதாமரத்தடிக்கு ஸ்டெ. வந்தாள். “மன்னிச்சிருங்கக்கா. என் பழைய படத்துல வித்தியாசமே தெரியல.” அழுதாள்.

அழும்போதுகூட அழகாகத்தான் இருக்கிறாள்.